கஞ்சி போட்ட மாஸ்க்

துணிக்குக் கஞ்சி போடுவதில் ரோசலினை மிஞ்ச எரியோட்டுப் பக்கம் ஆள் கிடையாது. சோறு வடித்த கஞ்சியை அப்படியே ஊற்றிப் பிழிகிற வேலை இல்லை அது. ஜவ்வரிசியை ஊறவைத்து, கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சி, பழைய மல் துணியில் வடிகட்டி, ஆறியபின் இரண்டு விரலால் தொட்டுப் பிரித்துப் பார்ப்பாள். விரல்களுக்கு நடுவே இழை இழுக்க வேண்டும். இழுத்த இழை உடனே அறவும் வேண்டும். அறாமல் நீண்டால் துணி பிசுபிசுக்கும். இழையே வராவிட்டால் துணி தொங்கும். பதமான கஞ்சி நூலுக்கும் நூலுக்கும் இடையே போய் உட்கார்ந்துகொண்டு, காய்ந்ததும் ஒன்றையும் அசைய விடாது. பங்குக் கோவிலில் பூசை வைக்கிற பீடத்துக்கு விரிக்கும் துணிகள் பதினெட்டு வருஷமாக அவள் கைப்பட்டுத்தான் போயின. ஓரத்து மடிப்பைத் தொட்டால் விரலை வெட்டிவிடுமோ என்று இருக்கும்.

அந்தக் கையைத்தான் அவள் மாஸ்க்கிலும் காட்டினாள்.

வேடசந்தூர் சாலையில் இருந்த நூல்மில்லில் முதலுதவி அறை அவள் பொறுப்பு. நர்சு படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. பதினோரு வருஷம் பஞ்சு சீவுகிற கார்டிங் பிரிவில் நின்று, இருமலும் இளைப்புமாக ஆனபோது, அவள் போகிற பங்குக் கோவிலுக்கே வருகிற பெர்சனல் ஆபீசர் அருளப்பன், பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பி அந்த அறைச் சாவியைக் கையில் கொடுத்தார். தூசியில் நின்றவளுக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி.

தூசி என்றால் சாதாரணத் தூசி இல்லை. பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறுகிற இடத்திலும், பல் வைத்த உருளைகள் அதைச் சீவுகிற கார்டிங்கிலும், கண்ணுக்குத் தெரியாத பஞ்சு இழைகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். மூக்கில் போனது நெஞ்சில் தங்கும். அதனால் மாஸ்க் கட்டாயம் என்று சட்டம் இருந்தது. பெண்கள் ஆளுக்கொரு துணியை வீட்டில் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியுடையது டீ நிறம், ஒருத்தியுடையது நீலம், இன்னொருத்தியுடையது அவள் பிள்ளையின் பழைய சட்டை.

2003 தை மாதம் நூல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் மில்லைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அருளப்பன் ஒரே மாதிரி வெள்ளை மாஸ்க் தைக்கக் கொடுத்தார். இரண்டடுக்குத் துணி, நடுவே மூன்று மடிப்பு, காதில் மாட்ட எலாஸ்டிக். ஷிப்ட் முடிந்ததும் எல்லாவற்றையும் வாங்கி மில்லிலேயே துவைக்க வேண்டும்.

"ரோசலின், நம்ம பீடத் துணி மாதிரி இருக்கணும், பாத்துக்கங்க," என்றார்.

அது மழை பொய்த்த வருஷம். மில்லுக்குத் தண்ணீர் டேங்கர் லாரியில் வந்தது. ரோசலினுக்கு ஒரு நாளைக்கு ஒரு டிரம்தான் அளந்து விட்டார்கள். அவள் மாஸ்க்குகளை பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டாள். காலையில் ஒரே ஒரு அலசு. நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, வெயிலில் காயவைத்து, மடிப்பு மடிப்பாகப் பெட்டி தேய்த்து அடுக்கினாள். வந்தவர்கள் வெள்ளை மாஸ்க் கட்டி வரிசையாக நின்ற பெண்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அருளப்பன் அவளைத் தன் அறைக்கு அழைத்து, எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு தடவை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டாள்.

மாசி பிறப்பதற்குள் பெண்கள் முதலுதவி அறைக்கு வரத் தொடங்கினார்கள். மூக்குத் தண்டில் சிவந்த கோடு. கன்னத்தில் பொரிப் பொரியாகப் பரு. காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் அறுத்த புண். அதிகமாக வந்தவள் சிவனம்மாள். இருபத்துநாலு வயது, கார்டிங்கில் வேலை. மூன்று வருஷப் பயிற்சிக் காலம் முடிய இன்னும் ஒன்றரை மாதம், முடிந்தால் நிரந்தரம். அவள் புருஷன் சடையாண்டி செம்பட்டிப் பக்கம் லோடு வண்டி கவிழ்ந்து கால் ஒடிந்து வீட்டில் கிடந்தான். மில்லுக்கு அவள் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

"அக்கா, ராவெல்லாம் எரியுதுக்கா. மொளகாயத் தேச்சாப்ல," என்றாள்.

மருந்துக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்துவிட்டுப் போன டியூப் ஒன்று மேசையில் கிடந்தது. அரிப்புக்கு நல்லது என்று சொல்லியிருந்தான். ரோசலின் அதை எடுத்து அவள் கையில் வைத்தாள். "இதப் பூசு புள்ள, ரெண்டு நாள்ல ஓடிப்போகும்."

இரண்டு நாளில் ஓடித்தான் போனது. நாலாம் நாள் திரும்பி வந்தது. சிவனம்மாள் மறுபடி பூசினாள்.

அருளப்பனுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பெண்கள் பூசுகிற மஞ்சளும் பவுடரும் மாஸ்க்குக்குள் புழுங்கி இப்படி ஆகிறது என்று நோட்டீஸ் ஒட்டினார். இனி யாரும் முகத்தில் எதுவும் பூசி வரக்கூடாது.

"மஞ்சளு பூசாம புருசன் மூஞ்சில எப்டிக்கா முழிக்கிறது?" என்று நோட்டீஸைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்.

"ஒம் புருசன் ஒம் மூஞ்சியப் பாத்து எம்புட்டு வருசமாச்சு, அதச் சொல்லு மொதல்ல," என்றாள் மற்றவள். கார்டிங் இரைச்சலையும் மீறிச் சிரிப்பு எழுந்தது.

ரோசலினும் சிரித்தாள். அது மஞ்சளாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள், ஒரு செவ்வாய்க்கிழமை வரை.

அன்று சிவனம்மாள் விரலை வெட்டிக்கொண்டு வந்தாள். ரோசலின் டிஞ்சர் போட்டுக் கட்டினாள். கட்டும்போதே கன்னத்தில் நீர் கோத்திருந்த இடத்தைப் பார்த்து, ஈரப் பஞ்சால் துடைத்து, பஞ்சைத் தட்டில் போட்டாள். தட்டில் டிஞ்சர் கொஞ்சம் சிந்தியிருந்தது. சிவனம்மாள் போனபின் தட்டைக் கழுவ எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பஞ்சு நீலக் கறுப்பாக, மை ஊற்றியது போல இருந்தது.

டிஞ்சரில் இருப்பது அயோடின். அது சாதாரணப் பஞ்சில் பட்டால் பழுப்பாகத்தான் இருக்கும். மாவுப்பொருள் இருந்தால்தான் நீலக் கறுப்பாகும். இதை மகள் ஷைனி பள்ளிக்கூடத்தில் செய்துவிட்டு வந்து, வீட்டில் உருளைக்கிழங்கில் டிஞ்சரை விட்டு ஆட்டம் காட்டியிருக்கிறாள். சிவனம்மாளின் கன்னத்தில் மாவு எப்படி வந்தது?

நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் எப்போதும் ஈரக்காற்று விடுவார்கள். அந்த ஈரம், வேர்வை, எட்டு மணி நேரம் விடுகிற மூச்சு. காய்ந்தபோது அட்டையாக நிற்கிற கஞ்சி ஈரம் பட்டால் திரும்பவும் கஞ்சிதான். மாஸ்க்கின் உள்பக்கம் குழைந்து முகத்தில் அப்பியிருக்கிறது. ஒரே அலசில் போகாத பிளீச்சிங் பவுடரும் அதோடு சேர்ந்து கரைந்திருக்கிறது. ஓரத்து மடிப்பு மட்டும் காய்ந்து, ஒவ்வொரு பேச்சுக்கும் மூக்குத் தண்டில் அறுத்திருக்கிறது. ரோசலின் ஒரு மாஸ்க்கை எடுத்து மடிப்பைத் தடவினாள். விரலை வெட்டிவிடுமோ என்று இருந்தது.

வார விடுமுறை அன்று ஒரு மாஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினாள். பேகம்பூரில் மீரான் டாக்டர் என்று தோல் வைத்தியர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர். மாஸ்க்கை வாங்கி முறித்துப் பார்த்தார். அது அப்பளம் போலச் சத்தமிட்டது.

"என்னம்மா இது, வேட்டிக்குப் போடுற மாதிரிக் கஞ்சி போட்டிருக்கு? யாரு துவைக்கிறது?"

ரோசலின் வாய் தானாகச் சொன்னது: "அங்க ஒரு ஆளு வெச்சிருக்காங்க சார்."

"அந்த ஆளுகிட்டச் சொல்லுங்க," என்று டாக்டர் ஒரு காகிதத்தை இழுத்துப் படம் போடத் தொடங்கினார். "தோலுக்கு மேல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கும்மா. அதுதான் காவலு. பிளீச்சிங் பவுடரு அத அரிச்சிடும். ரொம்ப நேரம் பாத்திரம் வெளக்குனா கை விரலு ஊறிச் சுருங்குதுல்ல? மாஸ்க்குக்குள்ள மூஞ்சியும் அப்படித்தான் ஊறுது. ஊறுன தோலை முரட்டுத் துணி தேச்சா கிழியாம என்ன செய்யும்? கஞ்சியே ஆகாது. சாதாரண சோப்பு போதும். மூணு தடவ நல்ல தண்ணில அலசணும். நல்ல வெயில்ல காயணும். அந்த ஆளு தண்ணிய மிச்சம் பிடிக்கிறான் போல."

"ஆமா சார்."

"நாலு மணி நேரத்துக்கு ஒருதடவ வேற மாஸ்க் மாத்தணும். கட்டுறதுக்கு முன்னாடி மூக்குத் தண்டுலயும் காதுக்குப் பின்னாடியும் லேசா வாசலின் தடவச் சொல்லுங்க. கழட்டுனதும் வெறும் தண்ணில கழுவி, தேய்க்காம ஒத்தி எடுக்கணும். பருவைக் கிள்ளக் கூடாது. எலாஸ்டிக்க எடுத்துட்டுத் துணி நாடா வெச்சுத் தைக்கச் சொல்லுங்க. வேற மருந்து ஏதாச்சும் பூசுனாங்களா?"

அவள் டியூபின் பெயரைச் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"இது மூஞ்சில தொடர்ந்து பூசுற மருந்தில்லம்மா. பூசப் பூச அடங்குற மாதிரி இருக்கும். உள்ள தோலு மெலிஞ்சுக்கிட்டே வரும். அப்புறம் வெயில் பட்டாலே எரியும். யாரு குடுத்தது இத?"

"தெரியல சார்."

"அந்தப் பொண்ண உடனே கூட்டிட்டு வாங்க. நான் பாக்கணும்."

"கூட்டிட்டு வாரேன் சார்," என்றாள் ரோசலின்.

கூட்டிக்கொண்டு போகவில்லை. கூட்டிப்போனால் டாக்டர் பேசுவார். பேசினால் எல்லாம் வெளியே வரும். டியூபைப் பூசாதே என்று மட்டும் சிவனம்மாளிடம் சொன்னாள். மறுநாள் முதல் கஞ்சியை நிறுத்தினாள். டேங்கர்காரனிடம் சண்டை போட்டு இரண்டு டிரம் வாங்கினாள். மூன்று அலசு. எலாஸ்டிக்கைப் பிரித்துவிட்டு ராப்பகலாக நாடா தைத்தாள். மத்தியானம் மாற்று மாஸ்க் கொடுத்தாள். மாஸ்க் ஏன் தொங்குகிறது என்று கேட்டவர்களிடம், "பெட்டி தேய்க்க நேரமில்ல, அதான் மொடமொடப்பு இல்ல," என்று சொல்லி வைத்தாள். முகங்கள் ஆறிவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தாள். சனிக்கிழமை கோவிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனமும் செய்தாள். "ஒரு பொய் சொன்னேன் சாமி." சாமியார் பத்து தடவை 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னாள். திரைக்கு அந்தப்பக்கம் இருந்த காது அதைக் கேட்க வேண்டிய காது இல்லை என்று வாசல்படி இறங்கும்போது தெரிந்தது.

முகங்கள் ஆறின. வினை அங்கேதான் வந்தது.

இரண்டு வாரத்தில் முக்கால்வாசிப் பெண்களுக்குச் சிவப்பு மறைந்தது. அருளப்பன் ஷிப்டு நடுவே வந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாத்தீங்களா? மஞ்சளையும் பவுடரையும் நிறுத்துனோம், போச்சு. மாஸ்க்குல கோளாறுன்னு ஒருத்தி கெளப்பிவிட்டாளே, இப்ப என்ன சொல்றா?"

அந்த ஒருத்தி சிவனம்மாள். டியூபை நிறுத்தியதும், அதுவரை அடங்கியிருந்ததெல்லாம் மேலே வந்து, அவள் முகம் முன்னைவிடக் கொழுந்துவிட்டு எரிந்தது. மாஸ்க்கைக் கண்டாலே பயந்தாள். அதைக் கட்ட மாட்டேன் என்று சொல்லி, புருஷனின் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு கார்டிங்கில் நின்றாள். மூன்று மெமோ. வெள்ளிக்கிழமை விசாரணை. சொன்னபடி கேட்காத பயிற்சித் தொழிலாளியை வெளியே அனுப்ப ஒரு தாள் போதும்.

புதன்கிழமை ரோசலின் அவளைக் குளியலறைப் பக்கம் தனியாக நிறுத்தி, துவைத்த மாஸ்க் ஒன்றைக் கையில் திணித்தாள். "இப்ப கட்டிப் பாரு சிவனம்மா. ஒண்ணும் செய்யாது."

"ஒங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

ரோசலின் பக்கத்தில் இருந்த வாளியை நகர்த்தி வைத்தாள். சிவனம்மாள் மாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே அருளப்பன் ஒரு தாளை நீட்டினார். மில்லில் தரும் மாஸ்க்குகள் சுத்தமாகத் துவைக்கப்படுகின்றன, அவற்றால் தோலுக்குத் தீங்கு இல்லை என்று தட்டச்சு செய்திருந்தது. அன்றைய தேதிக்கு அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நினைத்துத்தான் ரோசலின் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அருளப்பன் அறையில் நாலு பேர். அருளப்பன், எழுதுகிற கிளார்க், சாட்சியாக ரோசலின், மேசைக்கு முன்னால் நின்றபடி சிவனம்மாள். அருளப்பன் தாளைப் படித்தார். முடிவில், "முதலுதவிப் பொறுப்பாளர் ரோசலின்," என்று பெயரையும் படித்தார்.

சிவனம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் மூக்குத் தண்டில் பழுப்பேறிய கோடு, அதற்குக் கீழே தோலுரிந்த சிவப்பு. கண்ணில் இருந்தது ஆச்சரியம் மட்டும்தான்.

"ஒனக்குச் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றார் அருளப்பன் சிவனம்மாளிடம்.

"எனக்கு இருக்கு சார்," என்றாள் ரோசலின்.

"உங்ககிட்டக் கேக்கலியே."

"மாஸ்க்குலதான் சார் கோளாறு. இப்ப இல்ல, அப்ப இருந்துச்சு. நான்தான் கஞ்சி போட்டேன்."

அருளப்பன் சிரித்தார். "கஞ்சியா? எஞ் சட்டைக்குந்தான் கஞ்சி போடுறாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ரோசலின் எழுந்து போய் முதலுதவி அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். விருந்தாளிகள் வந்தால் காட்ட என்று அவள் எடுத்து வைத்திருந்த பழைய மாஸ்க்குகள். ஒன்றைத் தண்ணீரில் தொட்டு அவர் முன் வைத்தாள். "செத்த நேரம் கட்டிப் பாருங்க சார். உள்ள எட்டு மணி நேரம் நின்னா இப்படித்தான் ஈரமாயிடும்."

கிளார்க் குனிந்துகொண்டார். அருளப்பன் அவளை முறைத்தார். பிறகு, இவள் சொல்வதைப் பொய்யாக்கிவிடலாம் என்ற வேகத்தில் மாஸ்க்கை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டார். ரோசலின் நின்றபடியே சொன்னாள். பிளீச்சிங் பவுடர் எத்தனை கரண்டி, அலசு ஏன் ஒன்று, கஞ்சி எப்படி ஈரத்தில் திரும்பக் குழைகிறது, ஊறிய தோலை மடிப்பு எப்படி அறுக்கிறது, மூன்று வாரமாக என்னென்ன மாற்றினாள், அதனால்தான் மற்றவர்கள் முகம் ஆறியது, மஞ்சளை நிறுத்தியதால் அல்ல. டியூபைக் கொடுத்ததும் தான்தான் என்றாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அருளப்பனின் ஆள்காட்டி விரல் மாஸ்க்குக்குள் நுழைந்து மூக்கோரத்தைச் சொறிந்தது. சற்றுப் பொறுத்து மாஸ்க்கைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தார். பிசுபிசுத்த கன்னத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"மூணு வாரமா?" என்றார்.

"ஆமா சார்."

"அப்ப புதன்கிழமை ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"பயந்துட்டேன் சார்."

அவர் தாளை மடித்துப் போட்டார். பிறகு கிளார்க்கிடம், மெமோக்களை ரத்து செய்து, புது மாஸ்க் கட்டும்படி சிவனம்மாளுக்கு எச்சரிக்கை மட்டும் எழுதச் சொன்னார். ரோசலினிடம் கையை நீட்டினார். இந்தமுறை அது குலுக்குவதற்காக நீட்டிய கை இல்லை. அவள் முதலுதவி அறைச் சாவியை அதில் வைத்தாள்.

"திங்கக்கிழம கார்டிங்குக்கு வந்துருங்க. மாஸ்க் தொவைக்கிறதும் நீங்கதான். வேற யாருக்கும் இம்புட்டு வெவரம் தெரியாது."

வெளியே வெயிலில் கண் கூசியது. சிவனம்மாள் துண்டால் முகத்தை மறைத்தபடி வேகமாக நடந்தாள். ரோசலின் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது, இளைத்தது.

"சிவனம்மா, திண்டுக்கல்ல ஒரு டாக்டர் இருக்காரு. ஒன்னயக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

சிவனம்மாள் நின்றாள். "எப்ப சொன்னாரு?"

"மூணு வாரம் முன்னாடி."

ரோடு ஓரம் ஒரு லாரி மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. அது அடங்கும்வரை சிவனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணு வாரமும் எம் மூஞ்சியத் தெனமும் பாத்துக்கிட்டுத்தானக்கா இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எம் மக எங்கிட்ட வர மாட்டேங்குறா. பயந்து அழுவுறா. டாக்டரு கூப்புட்டதயாச்சும் சொல்லிருக்கலாம்ல."

மன்னித்துக்கொள் என்று சொல்ல ரோசலின் நாலு முறை வாயெடுத்தாள். அந்தச் சொல்லும் தன் பாரத்தை இறக்கிக்கொள்ளத்தான் உதவும், இவள் எரிச்சலுக்கு உதவாது என்று பட்டது. சொல்லவில்லை.

தூரத்தில் திண்டுக்கல் பஸ் தெரிந்தது. சிவனம்மாள் அதைப் பார்த்தாள்.

"இன்னிக்கு இருப்பாரா அவரு?"

"எட்டு மணி வரைக்கும் இருப்பாரு."

பஸ்ஸில் கூட்டமில்லை. சிவனம்மாள் முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் சாப்பாட்டுக் கூடையை வைத்துக்கொண்டாள். ரோசலின் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். உட்கார இடம் இருந்தது, அவள் உட்காரவில்லை. ஜன்னல் வழியே வந்த வெயில் சிவனம்மாளின் கன்னத்தில் பட்டபோதெல்லாம் அவள் துண்டை இழுத்து மூடிக்கொள்வதைத் திண்டுக்கல் வருகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.